பொதுவாக்கெடுப்பை வடிவமைப்பது எப்படி: கேள்வி எழுதுவது முதல் முடிவை நிறைவேற்றுவது வரை

ஒரு பொதுவாக்கெடுப்பு உருப்படியாக நடக்குமா என்பது வாக்குச்சாவடி திறப்பதற்குப் பல மாதங்கள் முன்பே முடிவாகிவிடும். யார் கேட்கிறார்கள், எந்தச் சொற்களில் கேட்கிறார்கள், எத்தனை வாக்கு விழுந்தால் ஏற்பு, ஏற்பு வந்தால் மறுநாள் யார் என்ன செய்ய வேண்டும்? இந்த நான்கும் சட்டத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தால் தோற்றவர்களும் பெரும்பாலும் முடிவை ஏற்றுக்கொள்வார்கள். ஒன்றில் ஓட்டை இருந்தாலும், வாக்குகளை எவ்வளவு நேர்மையாக எண்ணினாலும் சண்டை தீராது. நான்கில் அடிக்கடி விட்டுப்போவது கடைசிக் கேள்வி. அதிகச் சேதம் விளைவிப்பதும் அதுதான்.

சட்ட வரைவு எழுதுபவர், தேர்தல் அதிகாரி, பிரசாரகர், அல்லது தங்கள் முன் வைக்கப்பட்ட வாக்கெடுப்பு ஒழுங்கானதா என்று எடைபோட நினைக்கும் வாக்காளர் என யாராக இருந்தாலும் கீழே உள்ள வரிசையில் போவது நல்லது. வேலை நடக்க வேண்டிய வரிசையும் அதுவே.

1. இது மக்களிடம் கேட்க வேண்டிய விஷயம்தானா?

மூன்று நிபந்தனைகள். தனியாகப் பிரித்தெடுக்கக்கூடிய ஒரே முடிவாக இருக்க வேண்டும். இரண்டு விடைகளில் எது வந்தாலும் நிறைவேற்றக்கூடியதாக இருக்க வேண்டும். அடுத்த தேர்தலில் எளிதாக மாற்றிவிட முடியாத அளவுக்கு நீண்டகால விளைவு இருக்க வேண்டும். அயர்லாந்தில் 2015இல் ஒருபாலினத் திருமணமும் 2018இல் கருக்கலைப்புத் தடை நீக்கமும் மக்கள் முன் வந்தபோது இந்த மூன்றும் பொருந்தின. முதலாவதற்கு 62 சதவீதமும் இரண்டாவதற்கு 66 சதவீதமும் ஆதரவு கிடைத்தது. தோற்ற தரப்பும் முடிவை ஒப்புக்கொண்டது.

எங்கே தவிர்க்க வேண்டும்? வாக்குரிமை இல்லாதவர்களின் அல்லது எண்ணிக்கையில் சிறிய குழுவின் அடிப்படை உரிமையைப் பெரும்பான்மையின் கையில் கொடுக்கும் இடத்தில். சுவிட்சர்லாந்தில் பெண்களுக்கு வாக்குரிமை தரலாமா என்று 1959இல் ஆண்களிடம் கேட்டார்கள். ஏறத்தாழ 67 சதவீதம் பேர் மறுத்தார்கள். பெண்கள் 1971 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. இப்படிப்பட்ட விஷயங்களில் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் முதலில் வர வேண்டும்.

ஒரு தலைவர் தன் பதவியையே கேள்வியோடு சேர்த்துக் கட்டும்போதும் வாக்கெடுப்பு கெட்டுவிடும். பிரான்சில் 1969இல் மண்டல நிர்வாகம், மேலவை ஆகியவற்றின் சீர்திருத்தம் பற்றிக் கேட்ட அதிபர் தெ கோல், தோற்றால் விலகுவேன் என்றார். தோற்றார், விலகினார். இத்தாலியில் 2016இல் பிரதமர் ரென்சி அரசியலமைப்புத் திருத்தத்தில் அதையே செய்தார். அங்கும் ஏறத்தாழ 59 சதவீதம் பேர் எதிராக வாக்களித்தனர். மேலவைச் சீர்திருத்தம் பற்றி அத்தனை பேருக்கும் உறுதியான கருத்து இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆளுபவரை விரும்பாத எல்லோருக்கும் ஒரு வாய்ப்பு கிடைத்தது, பயன்படுத்திக்கொண்டார்கள்.

எல்லாவற்றையும்விட மோசமானது, நடந்திருக்க வேண்டிய தேர்தலுக்குப் பதிலாக நடத்தப்படும் வாக்கெடுப்பு. இலங்கையில் 1982 டிசம்பர் 22 அன்று நடந்தது இதுவே. 1977இல் தெரிவான நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறு ஆண்டுகள் நீட்டிக்கலாமா என்பது கேள்வி. ஆம் என்பதற்கு விளக்கு, இல்லை என்பதற்குக் குடம். அவசரகாலச் சட்டம் அமலில் இருந்தபோதே வாக்குப்பதிவு நடந்தது. சுமார் 54.7 சதவீதம் விளக்குக்கு விழுந்தது. விளைவு, அடுத்த பொதுத்தேர்தல் 1989இல்தான். தேர்தல் நடந்திருந்தால் ஆளும் கட்சி ஐந்தில் நான்கு பங்கு இடங்களைத் திரும்பப் பெற்றிருக்காது. பாதியைச் சற்றே தாண்டிய வாக்கு, அந்தப் பெரும்பான்மையை அப்படியே உறையவைத்துவிட்டது. கேள்வித்தாளைப் பார்க்கும் முன்பே மறுக்க வேண்டிய வகை இது.

2. எந்த வகை, யார் தொடங்குவது?

அரசியலமைப்பைத் திருத்தக் கட்டாயம் நடத்த வேண்டிய வாக்கெடுப்பு (அயர்லாந்து, ஆஸ்திரேலியா), நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தை மக்கள் கையெழுத்துத் திரட்டி நிறுத்திவைத்துக் கேட்பது (சுவிட்சர்லாந்து), அமலில் இருக்கும் சட்டத்தை நீக்கக் கேட்பது (இத்தாலி), மக்களே புதிய திருத்தத்தை முன்மொழிவது, அரசு தன் விருப்பப்படி நடத்துவது. இவற்றில் கடைசி வகைதான் அதிகம் துஷ்பிரயோகமாகிறது. காலமும் கேள்வியும் ஒரே கையில் இருப்பதே காரணம். இந்திய அரசியலமைப்பில் இவற்றில் எதற்கும் இடமில்லை. 1978இல் அடிப்படைக் கூறுகளைத் திருத்தப் பொதுவாக்கெடுப்பைக் கட்டாயமாக்கும் பிரிவு ஒன்று மக்களவையைத் தாண்டியும் மாநிலங்களவையில் விழுந்தது.

கையெழுத்து முறையை வைத்தால் இரண்டு எண்களைச் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்: எத்தனை கையெழுத்து, எத்தனை நாளுக்குள். சுவிட்சர்லாந்தில் ஒரு சட்டத்தை எதிர்க்க 100 நாளில் 50,000, அரசியலமைப்புத் திருத்தம் முன்மொழிய 18 மாதத்தில் 1,00,000. இத்தாலியில் 5,00,000 வாக்காளர்கள் அல்லது ஐந்து மண்டல மன்றங்கள். எண்ணை மட்டும் பார்த்து ‘இது குறைவு’ என்று சொல்லிவிட முடியாது. நூறு நாள் என்பது சிறிய அமைப்புகளுக்கு மிகக் கடினமான கெடு. இணையவழிக் கையெழுத்தை அனுமதித்தால் பழைய எண்கள் ஒரே நாளில் அர்த்தமிழந்துபோகும், ஆகவே இரண்டையும் ஒரே சட்டத்தில் திருத்துங்கள். முன்மொழிவு அரசியலமைப்புக்குப் பொருந்துமா என்ற ஆய்வை வாக்குப்பதிவுக்கு முன்பே, முடிந்தால் கையெழுத்து திரட்டும் முன்பே செய்துவிட வேண்டும். மக்கள் ஏற்றபின் நீதிமன்றம் ரத்து செய்தால் கோபம் நீதிமன்றத்தின் மீது திரும்பும்.

அடுத்தது, கட்டுப்படுத்துமா ஆலோசனை மட்டுமா என்பது. ஆலோசனை வாக்கெடுப்பு தவறல்ல. ஸ்வீடனில் 1955இல் வாகனங்கள் வலப்பக்கம் ஓடலாமா என்று கேட்டபோது ஏறத்தாழ 83 சதவீதம் பேர் மறுத்தனர். நாடாளுமன்றம் பின்னர் மனம் மாறி 1967இல் மாற்றியே விட்டது, நாடு பழகிக்கொண்டது. ஆனால் பெரிய விஷயத்தில் ‘ஆலோசனை’ என்ற சொல் சட்டத்தில் மட்டும் இருந்து, மேடைகளில் ‘உங்கள் முடிவே இறுதி’ என்று பேசப்பட்டால் சிக்கல்தான். ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்வதா, வெளியேறுவதா என்று பிரிட்டன் 2016இல் நடத்திய வாக்கெடுப்புக்கான சட்டம், வெளியேறும் தரப்பு வென்றால் யார் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரிகூடச் சொல்லவில்லை. வெளியேற்ற அறிவிப்பை அரசே கொடுக்கலாமா, நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017 ஜனவரியில் 8 நீதிபதிகள் நாடாளுமன்றத்தின் பக்கமும் 3 பேர் அரசின் பக்கமும் நின்றார்கள். வியப்பு என்னவென்றால், அதே நாடாளுமன்றம் 2011இல் தேர்தல் முறை குறித்து நடத்திய வாக்கெடுப்பில், ஆம் வந்தால் அமைச்சர் சட்டத்தை அமலுக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைத்திருந்தது. எப்படி எழுதுவது என்பது தெரியாமல் இல்லை.

3. கேள்வியை எழுதுவது

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது. ஒரு வரிதானே என்று கடைசி வாரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள்.

ஒரு கேள்வியில் ஒரே விஷயம். வடக்கு மாசிடோனியாவில் 2018 செப்டம்பரில் வைக்கப்பட்ட கேள்வி, கிரேக்கத்துடனான ஒப்பந்தத்தை ஏற்பதன் மூலம் ஐரோப்பிய ஒன்றியத்திலும் நேட்டோவிலும் சேர்வதை ஆதரிக்கிறீர்களா என்றிருந்தது. நாட்டின் பெயர் மாறப்போகிறது என்ற உண்மையான விவகாரம் கேள்வியில் வெளிப்படையாக இல்லை. ஒன்றியத்தில் சேர விரும்பி, பெயர் மாற்றத்தை எதிர்க்கும் ஒருவர் எங்கே முத்திரை குத்துவது? பலர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

நீளம் குறைவாக இருக்கட்டும். கனடாவின் கியூபெக்கில் 1995இல் கேட்ட கேள்வி, கனடாவுக்கு முறைப்படி ஒரு பொருளாதார, அரசியல் கூட்டுறவை முன்மொழிந்த பிறகு, ஒரு மசோதாவும் ஜூன் 12 அன்று கையெழுத்தான ஒரு உடன்பாடும் வகுத்த வரம்புக்குள், கியூபெக் இறையாண்மை பெறுவதை ஏற்கிறீர்களா என்று சுற்றி வளைத்தது. முடிவு 50.58க்கு 49.42 என்று வந்தது. ஆம் வென்றிருந்தால் மக்கள் எதற்கு ஆம் சொன்னார்கள் என்பதே நீண்ட வழக்காகியிருக்கும். அதன் பின்னர் 1998இல் கனடிய உச்ச நீதிமன்றம் தெளிவான கேள்வியும் தெளிவான பெரும்பான்மையும் வேண்டும் என்றது. 2000இல் அதற்கென்றே தனிச்சட்டம் வந்தது.

சாய்வு இருக்கக் கூடாது. ஸ்காட்லாந்து அரசு முதலில் ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டும் என்பதை ஏற்கிறீர்களா’ என்று கேட்க விரும்பியது. ‘ஏற்கிறீர்களா’ என்ற சொல் விடையை ஆம் பக்கம் தள்ளுகிறது என்று தேர்தல் ஆணையம் சோதித்துச் சொன்னது. 2014இல் அச்சான கேள்வி ‘ஸ்காட்லாந்து சுதந்திர நாடாக வேண்டுமா?’ என்று சுருங்கியது. பிரிட்டனின் 2016 வாக்கெடுப்பில் ஆம், இல்லை என்ற விடைகளையே நீக்கி, ‘உறுப்பினராகத் தொடர வேண்டும்’, ‘வெளியேற வேண்டும்’ என்று இரண்டு முழு வாக்கியங்களை அச்சிட்டார்கள். இரண்டு தரப்புக்கும் சம உரிமை தரும் இந்த வடிவத்தையே பெரும்பாலான இடங்களில் பரிந்துரைப்பேன்.

நீக்கும் வாக்கெடுப்புகளில் இன்னொரு பொறி உண்டு. இத்தாலியில் 1974இல் விவாகரத்துச் சட்டத்தை நீக்கலாமா என்று கேட்டார்கள். விவாகரத்து உரிமை வேண்டும் என்பவர்கள் ‘இல்லை’ என்று குத்த வேண்டும். அங்கே மாதக்கணக்கில் விளக்கியதால் 59 சதவீதம் பேர் சரியாகச் செய்தார்கள். குறுகிய பிரசாரத்தில் இது நிச்சயம் குழப்பும்.

முன்மொழிவில் பொருள் வரையறுக்கப்படாத சொல் இருந்தால் அதுவே எதிர்த்தரப்பின் ஆயுதமாகிவிடும். அயர்லாந்து 2024 மார்ச்சில் குடும்பம் என்பதற்கான வரையறையைத் திருமணத்தோடு ‘நீடித்த உறவுகள்’ வரை விரிவாக்க முயன்றது. எது நீடித்த உறவு என்பதற்கு உறுதியான விளக்கம் இல்லை. 67 சதவீதத்துக்கும் அதிகமானோர் மறுத்தனர்.

இப்போதிருக்கும் நிலை வாக்குச்சீட்டில் ஒரு தெரிவாக இருந்தே ஆக வேண்டும். 2014 மார்ச்சில் உக்ரைனின் பகுதியான கிரிமியாவில் கொடுத்த இரண்டு தெரிவுகள்: ரஷ்யாவுடன் சேர்வது, அல்லது 1992 அரசியலமைப்புக்குத் திரும்புவது. இருந்தபடியே இருப்பதற்கு இடமே இல்லை. ஆயுதப் படைகளின் பிடியில் நடந்த அந்த வாக்கெடுப்பை ஏற்க முடியாது என்று ஐ.நா. பொதுச்சபையில் 100 நாடுகள் வாக்களித்தன.

இரண்டுக்கு மேல் தெரிவு இருந்தால் இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். நியூசிலாந்து இதில் நல்ல முன்னோடி. 1992இல் ஒரே சீட்டில் இரண்டு பகுதிகள்: தேர்தல் முறை மாற வேண்டுமா, மாறினால் நான்கில் எது? மாற்றம் வேண்டும் என்று ஏறத்தாழ 85 சதவீதம். நான்கில் கலப்பு விகிதாசார முறை முன்னே நின்றது. 1993இல் பழைய முறையும் அந்த ஒரே புதிய முறையும் நேருக்கு நேர் நின்றன, புதியது ஏறத்தாழ 54 சதவீதத்தில் வென்றது. ஆஸ்திரேலியா 1999இல் இந்தப் படியைத் தாண்டியது. குடியரசாகலாம் என்பவர்களில் ஒரு பகுதியினர் மக்களே அதிபரைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றனர். சீட்டில் இருந்ததோ நாடாளுமன்றம் நியமிக்கும் முறை மட்டும். குடியரசு ஆதரவு இரண்டாகப் பிளந்தது, 55 சதவீதம் எதிராகப் போனது.

சீட்டின் தோற்றமும் கேள்வியின் பகுதிதான். 1938இல் ஆஸ்திரியாவை நாஜி ஜெர்மனியுடன் இணைக்க அச்சிட்ட சீட்டில் ஆம் என்பதற்குப் பெரிய வட்டம், இல்லை என்பதற்குச் சிறிய வட்டம். எழுத்தறிவு குறைந்த பகுதிகளில் சின்னம் தேவைப்படும். 1967இல் கோவா மகாராஷ்டிரத்துடன் இணைவதா, ஒன்றியப் பிரதேசமாகவே நீடிப்பதா என்று கேட்டபோது இணைப்புக்குப் பூவும் தனித்திருப்பதற்கு இரட்டை இலையும் தரப்பட்டன. எந்தக் கட்சிக்கும் சமயத்துக்கும் சேராத, ஒரே அளவில் அச்சாகக்கூடிய, ஒன்று மங்கலம் மற்றது அமங்கலம் என்று தோன்றாத சின்னங்களாகத் தேடுங்கள்.

எழுதியபின் சோதனை. மூன்று வடிவங்கள் எழுதி, வெவ்வேறு வயது, கல்வி, மொழி உள்ளவர்களிடம் தனித்தனியாகக் கொடுங்கள். ‘எதற்கு வாக்களிப்பீர்கள்’ என்று கேட்காதீர்கள். ‘ஆம் வென்றால் என்ன மாறும், இல்லை வென்றால் என்ன நடக்கும், உங்கள் சொற்களில் சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். ஒரே வடிவத்துக்கு இரண்டு விதமான விளக்கம் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் தூக்கிப் போடுங்கள். பல மொழிகளில் சீட்டு அச்சிடும் நாட்டில் ஒவ்வொரு மொழியிலும் தனியாகச் சோதிக்க வேண்டும். இந்தப் பொறுப்பு கேள்வியை முன்மொழிந்த அரசிடம் இல்லாமல் தேர்தல் ஆணையத்திடம் இருக்கட்டும்.

4. எத்தனை வாக்கு போதும்?

‘பாதிப் பேராவது வாக்களித்திருக்க வேண்டும்’ என்ற நிபந்தனை கேட்க நியாயமாக இருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு வாக்காளர்கள், 35 பேர் ஆதரவு, 20 பேர் எதிர்ப்பு, மீதிப் பேருக்கு அக்கறையில்லை. இருபது பேரும் வந்து வாக்களித்தால் மொத்தம் 55, வரம்பு தாண்டிவிடும், அவர்கள் தோற்பார்கள். அவர்கள் வீட்டிலேயே இருந்தால் மொத்தம் 35, முன்மொழிவு விழும். வாக்களித்தால் தோல்வி, வராமலிருந்தால் வெற்றி! எதிர்த்தரப்பு விவாதத்துக்கே வராது, புறக்கணிப்பைத்தான் பிரசாரம் செய்யும். சாவடிக்குப் போகிறவர் எந்தப் பக்கம் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும், ரகசிய வாக்கு என்பதே போய்விடும்.

இது வெறும் கணக்கல்ல. ஹங்கேரியில் 2016இல் அகதிகள் ஒதுக்கீட்டை எதிர்த்து 98 சதவீதம் வாக்கு விழுந்தும், செல்லத்தக்க வாக்குகள் பாதியைத் தொடாததால் முடிவு செல்லவில்லை. மாசிடோனியாவில் வந்தவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு, வந்தவர்களோ 37 சதவீதம். இத்தாலியில் 2025 ஜூனில் வேலைச் சட்டங்கள், குடியுரிமை பற்றிய ஐந்து கேள்விகளும் சுமார் 30 சதவீத வருகையில் மடிந்தன. நெதர்லாந்தில் உக்ரைனுடனான ஒப்பந்தம் பற்றிய 2016 வாக்கெடுப்பில் வரம்பு 30 சதவீதம், வருகை 32. முன்மொழிவை ஆதரித்தவர்களில் வராமலிருந்தவர்களும் உண்டு, வந்தவர்களும் உண்டு. வந்தவர்களே வரம்பைத் தாண்டவைத்துத் தங்கள் தோல்விக்கு வழிவிட்டார்கள். இந்தக் காரணங்களால் ஐரோப்பிய மன்றத்தின் சட்ட ஆலோசனை அமைப்பான வெனிஸ் ஆணையம் வருகை வரம்பே வேண்டாம் என்கிறது.

மொத்த வாக்காளர்களில் இத்தனை சதவீதம் ஆம் சொல்ல வேண்டும் என்ற ஏற்பு வரம்பு சற்று மேல். ஆனால் அது வாக்காளர் பட்டியலின் தரத்தை நம்பியே நிற்கிறது. ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று 1979இல் கேட்டபோது 51.6 சதவீதம் பேர் ஆம் என்றனர். மொத்தப் பட்டியலில் 40 சதவீதம் தேவை, கிடைத்தது 32.9. பட்டியலில் பெயர் இருந்தும் வாக்களிக்காதவர் எல்லோரும் ‘இல்லை’ என்று வாக்களித்தவராகவே கணக்கில் வந்தனர். அந்த மனக்காயம் பல ஆண்டுகள் ஆறவில்லை. இலங்கை அரசியலமைப்பின் 85ஆம் உறுப்புரை ஒரு கலப்பு வழியைப் பிடித்திருக்கிறது: செல்லுபடியான வாக்குகளில் அறுதிப் பெரும்பான்மை போதும்; மொத்த வாக்குகள் பதிவான வாக்காளர்களில் மூன்றில் இரண்டைத் தாண்டாவிட்டால் மட்டும், பட்டியலில் மூன்றில் ஒரு பங்காவது ஆதரித்திருக்க வேண்டும். புறக்கணிப்பால் முன்மொழிவைக் கொல்வது இதில் கடினம்.

கூட்டாட்சி நாடுகளில் இரட்டைப் பெரும்பான்மை பொருந்தும். ஆஸ்திரேலியாவில் நாடு முழுவதும் பெரும்பான்மையும், ஆறு மாநிலங்களில் நான்கிலாவது பெரும்பான்மையும் தேவை. 45 முன்மொழிவுகளில் 8 மட்டுமே தேறின. கடைசியாகத் தேறியது 1977இல். சுவிட்சர்லாந்தில் 2020 நவம்பரில் நிறுவனப் பொறுப்பு குறித்த முன்மொழிவுக்கு 50.7 சதவீதம் ஆதரவு கிடைத்தும் கன்டன்கள் எனப்படும் மாநிலங்களின் பெரும்பான்மை இல்லாததால் தோற்றது. சிறு பகுதிகளைக் காக்க நாடு கொடுக்கும் விலை அது. விதி பல தலைமுறைகளாக இருப்பதால் யாரும் திருட்டு என்று சொல்லவில்லை.

பாதியைவிடக் கூடுதலாகக் கேட்கும் மிகைப் பெரும்பான்மை வைத்தால் நடுவில் விழும் முடிவுக்கு என்ன பதில் என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ளுங்கள். மான்டினீக்ரோவின் 2006 சுதந்திர வாக்கெடுப்பில் வரம்பு 55 சதவீதம், கிடைத்தது 55.5. ஒரு சதவீதம் குறைந்திருந்தால், தெளிவான பெரும்பான்மை விரும்பிய நாடு பிறக்காமலே ஒரு நெருக்கடியில் நின்றிருக்கும்.

எங்கள் பரிந்துரை: சாதாரணச் சட்டத்துக்கு எளிய பெரும்பான்மை, வருகை வரம்பு இல்லாமல். கூட்டாட்சியின் அரசியலமைப்புக்கு இரட்டைப் பெரும்பான்மை. திரும்பி வர முடியாத முடிவுகளுக்கு வரம்பை உயர்த்துவதைவிட, கொள்கை அளவில் ஒரு வாக்கும் இறுதி உரையின் மீது இன்னொரு வாக்கும் வைப்பது நல்லது. எதை வைத்தாலும் கருத்துக்கணிப்பு வந்த பிறகு மாற்றாதீர்கள்.

5. யார் வாக்களிப்பது?

பொதுத்தேர்தல் பட்டியலையே பயன்படுத்துவதுதான் எளிது. விலகினால் காரணம் வேண்டும். ஸ்காட்லாந்து 2014இல் 16, 17 வயதினரைச் சேர்த்தது. பிரிட்டனின் 2016 வாக்கெடுப்பில் அந்த வயதினர் இல்லை. 15 ஆண்டுகளுக்கு மேல் வெளிநாட்டில் வாழ்ந்த பிரிட்டன் குடிமக்களும் இல்லை. எல்லை, குடியுரிமை சார்ந்த கேள்விகளில் இடம்பெயர்ந்தவர்களை எப்படிப் பதிவு செய்வது என்பது வாக்களிப்பைவிடப் பெரிய வேலை. பட்டியல் விதிகளைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு முன்பே மூடிவிடுங்கள்.

6. நாட்காட்டி

வாக்குப்பதிவு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 12 மாதம் முன்: வாக்கெடுப்பு விதிகள், பட்டியல் விதிகள். 9 மாதம் முன்: கேள்வியின் சோதனை. 6 மாதம் முன்: கேள்வியும் வரம்பும் விளைவும் அடங்கிய சட்டம், முன்மொழிவின் முழு உரை வெளியீடு. 4 மாதம் முன்: இரு தரப்பின் முதன்மைப் பிரசார அமைப்புகள் தேர்வு. 10 வாரம் முன்: செலவு வரம்பு தொடக்கம். 4 வாரம் முன்: அரசின் விளம்பரங்கள் நிறுத்தம். 3 வாரம் முன்: விளக்கக் கையேடு ஒவ்வொரு வீட்டிலும். சுவிட்சர்லாந்தில் வாக்கு ஆவணங்கள் மூன்று முதல் நான்கு வாரம் முன்பே வாக்காளர் கைக்கு வந்துவிட வேண்டும் என்பது விதி.

அவசரத்தின் விளைவை 2015இல் கிரேக்கத்தில் பார்க்கலாம். ஜூன் 27 அறிவிப்பு, ஜூலை 5 வாக்குப்பதிவு. கடன்கொடுத்தோர் முன்வைத்த, ஜூன் 25 தேதியிட்ட, தொழில்நுட்பச் சொற்கள் நிறைந்த இரண்டு ஆவணங்கள் மீது கேள்வி. அந்தக் கடனுதவித் திட்டத்தின் காலமோ ஜூன் 30இலேயே முடிந்துவிட்டது. 61 சதவீதம் பேர் மறுத்தார்கள். ஜூலை 13 அன்று அரசு கடன்கொடுத்தோரின் கடும் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டது. வாக்களித்த மக்களுக்கு என்ன மிஞ்சியது?

7. தகவல்

ஒரே கையேட்டில் நான்கு பகுதிகள் போதும்: கேள்வி, இப்போதுள்ள நிலை, ஒவ்வொரு விடைக்கும் என்ன மாறும் (செலவுக் கணிப்போடு), இரு தரப்பின் வாதம் சம அளவில். ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு தரப்புக்கும் 2,000 சொற்கள் வரை அனுமதி. கொலம்பிய அரசு கிளர்ச்சிக் குழுவோடு செய்த 2016 அமைதி உடன்பாடு 297 பக்கம் இருந்தது. முழு உரையை வெளியிடத்தான் வேண்டும், ஆனால் நடுநிலையான ஒருவர் எழுதிய சுருக்கம் இல்லாவிட்டால் அந்த இடத்தை வதந்தி நிரப்பும்.

கையேட்டின் எண்களை வெளியார் சரிபார்க்கட்டும். சுவிட்சர்லாந்தில் 2016 பிப்ரவரியில் மணமான தம்பதியரின் வரிச்சுமை பற்றிய முன்மொழிவு 50.8 சதவீத எதிர்ப்பில் தோற்றது. பாதிக்கப்படுவோர் 80,000 தம்பதிகள் என்று அரசு சொல்லியிருந்தது, உண்மையில் 4,54,000. 2019 ஏப்ரலில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பையே ரத்து செய்தது. வித்தியாசம் குறுகலாக இருந்து, பிழை பெரிதாக இருந்தால் முடிவு நிற்காது.

கடினமான விஷயங்களில் முன்கூட்டியே மக்கள் மன்றம் ஒன்றை அமைப்பது பலன் தருகிறது. அயர்லாந்தில் வாக்காளர்களிலிருந்து தெரிவுசெய்த 99 பேரும் ஒரு தலைவரும் வார இறுதிகளில் கூடி, மருத்துவர்களையும் சட்டவல்லுநர்களையும் இரு தரப்பினரையும் கேட்டு, கருக்கலைப்பு பற்றிப் பரிந்துரை தந்தார்கள். பின்னர் வந்த பிரசாரத்தில் பேசப்பட்ட வாதங்கள் ஏற்கெனவே பொதுவெளியில் அலசப்பட்டிருந்தன.

8. பணம்

மூன்று விதிகள் இன்றியமையாதவை. அரசுப் பணம் ஒரு தரப்புக்குப் போகக் கூடாது. அயர்லாந்து உச்ச நீதிமன்றம் 1995இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. இரண்டு அமைப்புகள் சேர்ந்து திட்டமிட்டுச் செலவு செய்தால் இரண்டின் தொகையும் ஒரே கணக்கில் வர வேண்டும். கணக்கு வாக்குப்பதிவுக்கு முன்பே வெளியாக வேண்டும். பிரிட்டனில் 2016இல் முதன்மை அமைப்புகளுக்கு வரம்பு 70 லட்சம் பவுண்டு. வெளியேற்றத்துக்கான முதன்மை அமைப்பு இன்னொரு குழுவோடு சேர்ந்து வரம்பை மீறியதாக ஆணையம் 2018இல் 61,000 பவுண்டு அபராதம் விதித்தது. இரண்டு ஆண்டு கழித்து வரும் தண்டனை எந்த வாக்கையும் திருத்தாது.

9. வாக்குப்பதிவும் எண்ணிக்கையும்

சாதாரணத் தேர்தலின் நடைமுறையே இங்கும். கூடுதலாக, வேட்பாளர் இல்லாததால் முகவர்களை நியமிக்கும் உரிமையை இரு தரப்பின் அமைப்புகளுக்கும் சட்டம் தர வேண்டும். முடிவைத் தொகுதிவாரியாக வெளியிட வேண்டும். செல்லாத வாக்கு வரம்புக் கணக்கில் சேருமா என்று முன்பே எழுதியிருக்க வேண்டும். பாதுகாப்பை வாக்குப்பதிவோடு முடித்துக்கொள்ளாதீர்கள். கிழக்குத் திமோரில் 1999 ஆகஸ்ட் 30 அன்று 98 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் வந்து, 78.5 சதவீதம் பேர் இந்தோனேசியாவுக்குள் தன்னாட்சி என்ற திட்டத்தை மறுத்தார்கள். முடிவு வந்த பிறகுதான் ஆயுதக் குழுக்கள் ஊர்களைக் கொளுத்தின.

10. மறுநாள்

சட்டத்தில் இரண்டு தனிப் பத்திகள் வேண்டும், ஆம் வென்றால் ஒன்று, இல்லை வென்றால் மற்றொன்று. ஒவ்வொன்றிலும் பொறுப்பாளர், செய்ய வேண்டிய செயல், கெடு நாள், அந்தக் கெடு தவறினால் என்ன என்ற நான்கும் வர வேண்டும். ‘அரசு உரிய நடவடிக்கை எடுக்கும்’ என்று எழுதினால் எழுதாததற்குச் சமம். 2016 ஜூனில் வாக்களித்த பிரிட்டன் 2020 ஜனவரி 31 அன்றுதான் வெளியேறியது. வெளியேறுவது என்றால் எந்த வகை உறவு என்பது சீட்டில் இல்லை, சட்டத்திலும் இல்லை. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த ஒரு கேள்விக்கே போனது.

இல்லை என்பதற்கும் பொருள் வேண்டும். கொலம்பியாவில் 54,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் அமைதி உடன்பாடு தோற்றபோது, போரா பேச்சா என்று யாரும் எழுதிவைத்திருக்கவில்லை. உடன்பாட்டைத் திருத்தி, இரண்டு மாதத்துக்குள் நாடாளுமன்றம் வழியாக நிறைவேற்றினார்கள். போர் திரும்பவில்லை, ஆனால் மக்கள் மறுத்ததை மறுபக்கம் வழியே கொண்டுவந்தார்கள் என்ற குற்றச்சாட்டு ஒட்டிக்கொண்டது.

மறுபடி கேட்கலாமா? கேட்கலாம், கேட்கும் பொருள் மாறியிருந்தால். டென்மார்க் 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தை 50.7 சதவீதத்தில் மறுத்தது. பொது நாணயம் உள்ளிட்ட நான்கு விலக்குகளைப் பெற்ற பிறகு 1993இல் 56.7 சதவீதத்தில் ஏற்றது. அயர்லாந்து 2001இல் மறுத்த, ஒன்றியத்தின் விரிவாக்கத்துக்கான நீஸ் ஒப்பந்தத்தை, ராணுவ நடுநிலை பற்றிய உறுதிமொழிகளுக்குப் பின் 2002இல் ஏற்றது; வருகையும் 35இலிருந்து ஏறத்தாழ 50 சதவீதமாக உயர்ந்தது. ஒரு சொல்லும் மாறாமல் திரும்பக் கேட்டால், விரும்பிய விடை வரும்வரை கேட்பார்கள் என்றே மக்கள் எடுத்துக்கொள்வார்கள். இத்தாலியச் சட்டம் இதற்கு ஓர் எண் வைத்திருக்கிறது: வாக்காளர்கள் நீக்க மறுத்த சட்டத்தை ஐந்து ஆண்டுகளுக்கு மீண்டும் நீக்கக் கேட்க முடியாது. உங்கள் சட்டத்திலும் அப்படி ஓர் இடைவெளியை எழுதுங்கள், எந்த அளவு மாற்றம் வந்தால் அது புதிய முன்மொழிவு என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்திடம் கொடுங்கள், முடிவை எதிர்த்து வழக்குத் தொடர 30 நாள் போன்ற குறுகிய கெடு ஒன்றையும் அதே பிரிவில் சேர்த்துவிடுங்கள்.